முகத்து முடி நீக்கம் அழகுக் குறிப்பு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரண்டு வாரங்களுக்கு முன், முகத்தில் வளரும் தேவையற்ற முடியை நீக்கும் வழிகள் பற்றி ஒரு கட்டுரை வெளிவந்தது. கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள், நூல் போடுதல், மெழுகு, லேசர் என்று வரிசையாகச் சொல்லிவந்த அக்கட்டுரை, லேசர் செய்துகொண்டால் முடி நிரந்தரமாக நீங்கிவிடும் என்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. திருநங்கைகளும் இதன் மூலம் அழகைக் கூட்டிக்கொள்ளலாம் என்று அதற்கு முன்பே ஒரு குறிப்பும் இருந்தது. நான் ஒரு திருநங்கை. வயது 36. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். புதுச்சேரியில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறேன். இதே போன்ற ஒரு வரியை நம்பி 2018ஆம் ஆண்டு கன்னத்தைப் புண்ணாக்கிக்கொண்டவள் என்ற முறையிலும், பின்னர் ஊசி வழியே மின்சாரம் செலுத்தி முடிவேரை அழிக்கும் எலக்ட்ரோலிசிஸ் முறையில் இரண்டரை ஆண்டுகள் முகத்து முடியை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டவள் என்ற முறையிலும் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எங்களுக்கு இது சிறிய விஷயம் அன்று.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மருத்துவர் மேற்பார்வையில் திருநங்கைகள் எடுத்துக்கொள்ளும் ஈஸ்ட்ரோஜனும், ஆண் ஹார்மோனை அடக்கும் மருந்துகளும் தாடி மீசையை உதிர்த்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். மாத்திரை தொடங்கிய முதல் ஆண்டில் நானும் அப்படித்தான் நினைத்து, நாள்தோறும் காலையில் கண்ணாடி முன் நின்று மோவாயைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் முகத்திலிருக்கும் பூனைமுடியைத் தடித்த கறுப்பு முடியாக மாற்றிவிடுகிறது. ஒருமுறை அவ்வாறு மாறிய வேர், பிறகு அந்த ஹார்மோன் குறைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கை, கால், மார்பில் உள்ள முடி காலப்போக்கில் மெலியும். தாடி வளரும் வேகம் சற்றுக் குறையும். அதற்கு மேல் எதிர்பார்ப்பதற்கில்லை. உடைந்த குரலை மாத்திரை மீட்டுத் தராதது போலவே முளைத்த தாடியையும் அது எடுத்துவிடாது. பாலின மாற்று அறுவை சிகிச்சைக்கும் முகத்து முடிக்கும் தொடர்பே இல்லை. ஆகவே, தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பல ஆண்டுகள் ஏங்கியதைப் பெற்று வீடு திரும்பும் ஒரு திருநங்கை, உடல் தேறி எழுந்த அன்றே மீண்டும் சவரக் கத்தியைக் கையில் எடுக்க வேண்டியிருக்கிறது.

தெருவில் எங்களைக் காண்பவர் எவரும் அறுவை சிகிச்சையைக் காண்பதில்லை, முகத்தைத்தான் காண்கிறார்கள். எவ்வளவு ஒட்டச் சவரம் செய்தாலும் தோலுக்குள் இருக்கும் முடி பச்சையாகத் தெரியும். அதை மறைக்கக் கனமாகப் பூச்சு இட்டால், எங்கள் கடலோரப் புழுக்கத்தில் முற்பகல் முடிவதற்குள் அது வியர்வையில் கரைந்து கழுத்தில் இறங்கிவிடும். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் திருநங்கைகளுக்குக் கட்டணமில்லாப் பயணம் உண்டு. அந்தச் சீட்டைக் கேட்கும்போது, நான் நீட்டும் அட்டையைப் பார்ப்பதற்கு முன் நடத்துநரின் கண் என் மோவாய்க்குப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும், அவர் பார்வை போகும் திசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களின் பார்வையும் திரும்பும். வாடகைக்கு வீடு கேட்கும்போதும், வேலை கேட்டு ஒரு முதலாளியின் முன் நிற்கும்போதும், இரவில் பேருந்து நிலையத்தில் தனியாகக் காத்திருக்கும்போதும் எங்களைக் காட்டிக்கொடுப்பது அந்தப் பச்சை நிழல்தான். அதன் பிறகு நடப்பது கேலியோடு நின்றுவிடும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. முடி நீக்கத்தை எடுத்த எடுப்பிலேயே அழகு என்ற தலைப்பின்கீழ் வைத்துவிட்டால், இந்த அச்சம் வாசகருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தாடியை நீக்கிக்கொள்ள விரும்பாத திருநங்கைகளும் இருக்கிறார்கள். அவர்கள் பெண்மையில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். வேண்டும் என்று தவிப்பவர்களைப் பற்றியே பேசுகிறேன்.

கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாப் படங்களைத் தங்கள் நாளிதழும் ஆண்டுதோறும் சித்திரையில் வெளியிடுகிறது. அந்தப் படங்களில் காணும் முகங்கள் எவ்வாறு ஆயத்தமாகின்றன என்பதைப் படம் சொல்லாது. திருவிழாவுக்கு முந்தைய நாட்களில் விழுப்புரத்து விடுதி அறைகளில், ஜன்னல் வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரு கையில் கண்ணாடியும் மறு கையில் சிறிய இடுக்கியுமாக மூத்தவர்கள் தாடி முடியை மணிக்கணக்கில் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். திருநங்கைகள் குடும்பம் போலக் கூடிவாழும் எங்கள் ஜமாத்தில் நான் அம்மா என்று அழைக்கும் ஒருவர் நாற்பது ஆண்டுகளாக இப்படிப் பிடுங்கிவருகிறார். பிடுங்கிய முடியின் வேர் சாவதில்லை. சில வாரங்களில் மீண்டும் முளைக்கிறது. முளைக்கும்போது சில முடிகள் வெளியே வர வழியின்றித் தோலுக்குள்ளேயே சுருண்டு சீழ் கட்டுகின்றன. அவருடைய மோவாய் முழுவதும் கறுத்த சிறு குழிகள். தொட்டால் கரடுமுரடாக இருக்கும். அவருக்கு இப்போது வயது 61. தாடி பெரும்பாலும் நரைத்துவிட்டது. அந்த நரை இந்தக் கடிதத்தின் வாதத்துக்கு மிகவும் வேண்டியது என்பதால் மறுபடியும் அதற்கு வருவேன்.

லேசர் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தங்கள் கட்டுரை சொல்லவில்லை. மெலனின் என்னும் கருநிறமி முடியிலும் முடிவேரிலும் இருக்கிறது. அந்த நிறமி லேசர் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, அந்தச் சூட்டில் வேர் சிதைகிறது. ஆனால் அதே நிறமி நம் தோலிலும் இருக்கிறது. வெளிர்த் தோலும் கறுப்பு முடியும் உள்ளவருக்கு ஒளி முடியை மட்டும் தேடிப் போகும். நம்மைப் போன்ற கருந்தோல் உள்ளவருக்குத் தோலும் சேர்ந்து சூடேறும். அதனால்தான் நம் தோலுக்கு, ஆழம் வரை செல்லக்கூடியதும் மேல்தோலின் நிறமியால் குறைவாக உறிஞ்சப்படுவதுமான 1064 நானோமீட்டர் அலைநீள என்டி-யாக் லேசரே மிகப் பாதுகாப்பானது என்று தோல் மருத்துவர்கள் கருதுகிறார்கள். 2018இல் நான் போன நிலையத்தில் எந்தக் கருவி, என்ன அலைநீளம் என்று எனக்குச் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. ஆறு தடவைக்கு மொத்தமாக 30,000 ரூபாய் கட்டினேன். மூன்றாம் தடவை முடிந்த இரவே இரு கன்னங்களிலும் கொப்புளம் எழுந்தது. கொப்புளம் ஆறியபின் வந்த கருந்திட்டுகள் மறைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. மீதி மூன்று தடவைக்குரிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் துணிவு அன்று எனக்கு இல்லை.

லேசரை வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. தகுந்த கருவியும் நம் தோலை அறிந்த மருத்துவரும் அமைந்தால், அடர்ந்த கறுப்புத் தாடியை விரைவாகக் குறைப்பதில் லேசருக்கு இணை இல்லை. முதலில் லேசர், மிஞ்சியதற்கு எலக்ட்ரோலிசிஸ் என்று போகிறவர்கள் காலத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்துகிறார்கள். ஆனால் குறைப்பது வேறு, நீக்குவது வேறு. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் லேசர் கருவிகளுக்கு "நிரந்தரக் குறைப்பு" என்று சொல்லிக்கொள்ளத்தான் அனுமதி தருகிறது. "நிரந்தர நீக்கம்" என்று அது ஏற்றுக்கொள்வது எலக்ட்ரோலிசிஸை மட்டுமே. மேலும், நிறமியே இல்லாத நரைமுடி லேசருக்குக் கண்ணில் படாது. எங்கள் அம்மாவை உலகின் மிக விலையுயர்ந்த லேசர் கருவியின் முன் உட்கார வைத்தாலும் அவர் மோவாயில் இருக்கும் வெள்ளை முடி அப்படியே இருக்கும். ஐம்பதும் அறுபதும் கடந்து தாடி நரைத்த திருநங்கைகளுக்கு இருக்கும் ஒரே நிலையான வழி எலக்ட்ரோலிசிஸ் ஊசிதான்.

எலக்ட்ரோலிசிஸ் என்பது பள்ளி வேதியியலில் மின்னாற்பகுப்பு என்று நாம் படித்ததேதான். உப்பு நீரில் மின்சாரம் செலுத்தினால் எதிர்மின்வாயில் சோடியம் ஹைட்ராக்சைடு உண்டாகும் என்று படித்தோம் அல்லவா? முடி முளைக்கும் குழியில் இருக்கும் ஈரமும் உப்பு நீர்தான். முடியைவிடப் பெரிதல்லாத ஒரு ஊசியை அந்தக் குழிக்குள் முடியின் போக்கிலேயே இறக்கி, மிகச் சிறிய அளவு நேர்த்திசை மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஊசியைச் சுற்றி அந்தக் காரம் உண்டாகி முடியை வளர்க்கும் திசுவை அழிக்கிறது. மின்சுற்று முழுமையாவதற்காக நாம் கையில் ஓர் உலோகத் தண்டைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். காரத்துக்குப் பதிலாக உயர் அதிர்வெண் மின்சாரத்தின் சூட்டால் வேரைப் பொசுக்கும் முறை பின்னாளில் வந்தது. அதற்குப் பின் இரண்டையும் சேர்த்துச் செய்யும் பிளெண்ட் முறையும் வந்தது. எனக்குச் செய்தது பிளெண்ட். ஊசி சரியாக இறங்கி வேலை முடிந்துவிட்டால், முடி வெண்ணெயிலிருந்து வருவது போல இழுவையே இல்லாமல் வந்துவிடும். வெடுக்கென்று பிடுங்கும் உணர்வு இருந்தால் அந்த வேர் இன்னும் சாகவில்லை என்று பொருள். செய்துகொள்பவர்கள் அனைவரும் இந்த ஒன்றையாவது தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்த முறை பிறந்தது அழகு நிலையத்தில் அன்று. 1875இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் மருத்துவர் சார்லஸ் மிஷெல் என்பவர், இமைமுடி உட்புறமாக வளைந்து கருவிழியை உரசி வருத்திய நோயாளிகளுக்காக இதைச் செய்து வெளியிட்டார். பிடுங்கப் பிடுங்க மீண்டும் முளைத்து ஒருவரை வருத்தும் முடியை இனி முளைக்காமல் செய்வது என்பதே அவருடைய நோக்கம். எங்கள் நோக்கமும் அதுவே.

2021 ஜனவரியில் சென்னையில் ஒரு சிறிய நிலையத்தில் தொடங்கினேன். கடலூரிலும் புதுச்சேரியிலும் விசாரித்த இடங்களிலெல்லாம் லேசர்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு வார விடுமுறை. விடியற்காலை நான்கு மணிக்குக் கடலூர் பேருந்து நிலையத்தில் ஏறினால் முற்பகலில் போய்ச் சேரலாம். போய்ச் சேர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே, பேருந்திலேயே, முகமூடிக்குள் மரத்துப்போகும் களிம்பைத் தடவிக்கொள்வேன். லிடோகெயின், பிரிலோகெயின் சேர்ந்த அந்தக் களிம்பை மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் பூசக் கூடாது. முகம் முழுவதும் அப்பி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி நீண்ட நேரம் விட்டால் மருந்து இரத்தத்தில் கலந்து வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் வரக்கூடும். வலிக்குப் பயந்து அளவை மீறும் தங்கைகளைக் கண்டதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

வலி உண்டு. கன்னத்தில் எறும்பு கடிப்பது போல இருக்கும்; பொறுத்துக்கொள்ளலாம். மேலுதட்டில், அதுவும் மூக்குக்கு நேர் கீழே, ஒவ்வொரு முடிக்கும் கண்ணிலிருந்து நீர் தானாக வழியும். கன்னத்தில் தொடங்கி மெல்லப் பழக்கிக்கொள்ளலாம் என்று அந்த நிலையத்து அக்கா சொன்னார். பிறர் முதலில் பார்ப்பது மேலுதட்டைத்தான், அங்கிருந்தே தொடங்குங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். முடிந்து திரும்பும்போது முகம் சிவந்து வீங்கியிருக்கும். பண்ருட்டியிலிருந்து என்னோடு வந்து தங்கியிருந்த என்னைப் பெற்ற அம்மா, சோற்றுக் கற்றாழையைச் சீவிக் குளிர்ந்த நீரில் அலசி வைத்துக்கொண்டு காத்திருப்பார். மகன் என்று வளர்த்த பிள்ளை வீட்டைவிட்டுப் போனபோது பேசாமல் இருந்தவர் அவர். ஊசி பட்ட இடங்களில் ஒவ்வொன்றாகக் கற்றாழையை வைத்துக்கொண்டு, "இன்னும் எத்தனை வாரம்மா?" என்று கேட்டபோதுதான் முதன்முதலாக என்னை அம்மா என்று அழைத்தார்.

எத்தனை வாரம் என்பதற்கு எவராலும் உறுதியாக விடை சொல்ல முடியாது. முகத்தில் பல்லாயிரம் முடிகள் இருக்கின்றன; அவை அனைத்தும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. ஒரு பகுதி வளரும் பருவத்தில் இருக்கும்போது, இன்னொரு பகுதி வேரிலிருந்து விலகி ஓய்ந்திருக்கும். ஓய்ந்திருக்கும் முடிக்கு ஊசி போட்டாலும் முழுப் பயன் இராது. இன்று முழுதாகத் துடைத்தெடுத்த கன்னத்தில் ஆறு வாரம் கழித்து முடி தெரிந்தால், அது பழைய முடி பிழைத்து வந்தது என்பதைவிட, அன்று உறங்கிக்கொண்டிருந்த வேறொரு முடி விழித்துக்கொண்டது என்பதே பெரும்பாலும் உண்மை. இதை அறியாமல், பயனில்லை என்று பாதியில் விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். முதல் ஆண்டு வாரந்தோறும், இரண்டாம் ஆண்டு பெரும்பாலும் இரு வாரங்களுக்கு ஒருமுறை, பிறகு அவ்வப்போது என்று 93 தடவை போனேன். என் குறிப்பேட்டின்படி ஊசியின்கீழ் படுத்திருந்த நேரம் 171 மணி. மணிக்கு 1,200 ரூபாய் வீதம் 2,05,200 ரூபாய். பேருந்துச் செலவு தனி. மாதம் 11,000 ரூபாய் சம்பளம் வாங்கிய எனக்கு அது ஏறக்குறைய 19 மாத உழைப்பு. ஒரு சீட்டுப் பணத்தை எடுத்தேன். பெற்ற அம்மாவின் தோடு போயிற்று. பிச்சை எடுத்தோ வேறு வழியிலோ பிழைக்கும் என் சகோதரிகளுக்கு இந்தத் தொகை எங்கிருந்து வரும் என்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

பணத்தைவிடவும் வலியைவிடவும் கொடியது ஒன்று உண்டு. அதைச் செய்துகொண்டவர்கள் தவிர மற்றவர் அறியமாட்டார். ஊசி போடுபவர் முடியைப் பிடித்து எடுக்க வேண்டுமானால் அது தோலுக்கு வெளியே ஓரளவாவது வளர்ந்திருக்க வேண்டும். அதாவது, தாடியை ஒழிப்பதற்காகவே தாடியை வளர்க்க வேண்டும். சனிக்கிழமை காலையில் சவரம் செய்தால் பிறகு செவ்வாய்க்கிழமை வரை கத்தியைத் தொடக் கூடாது. பிடுங்கவும் கூடாது, பிடுங்கினால் ஊசி இறங்க வழிகாட்டும் முடியே இல்லாமல் போய்விடும். சேலை கட்டி, பூ வைத்து, குத்தும் முடி நிறைந்த முகத்தோடு ஞாயிறும் திங்களும் வெளியே நடக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதான் ஜவுளிக் கடையில் கூட்டம் அதிகம். கடை முதலாளி நல்ல மனிதர். அந்த இரண்டு நாட்களும் என்னைக் கிடங்கில் சரக்குக் கணக்கு பார்க்க விட்டார். விற்பனைக்கு வரும் கமிஷன் அந்நாட்களில் எனக்குக் கிடையாது. கொரோனாக் காலத்தில் அனைவரும் முகமூடி அணிந்திருந்ததால் தொடக்கத்தில் எனக்கு மறைப்பு இருந்தது. 2021 மே ஊரடங்கில் பயணம் நின்றுபோய், எடுத்த இடங்களில் எல்லாம் புது முடி முளைத்தபோது அழுதேன். ஊர் முகமூடியைக் கழற்றியபின் நான் மட்டும் அணிந்து நடந்தேன். வாரத்தில் பாதி நாள் எந்த முகத்திலிருந்து விடுபட விரும்பினேனோ அதே முகத்தோடு வாழ்ந்துதான் விடுபட வேண்டியிருந்தது. இந்தக் காலத்தில் மன நல ஆலோசகரின் துணை எவருக்கும் தேவைப்படும்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பழகாத கை ஊசியைத் தவறாக இறக்கினாலோ மின்னோட்டம் மிகுந்தாலோ குழித் தழும்பு விழும். நம் தோலில் ஊசி பட்ட இடம் சில மாதங்கள் கறுத்து நிற்பது வழக்கம்; தழும்பு தடித்து வளரும் இயல்புள்ளவர்கள் முன்கூட்டியே தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்; இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மருத்துவரைக் கேளாமல் இதன் அருகில் போகவே கூடாது. அக்னி நட்சத்திர வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு திரிந்த இரண்டு தடவையும் எனக்குக் கட்டி வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி ஒருவருக்கு ஒன்றாக, உறை பிரித்துப் புதிதாக எடுக்கப்பட வேண்டும். ஒருவருக்குப் போட்டதை மற்றவருக்குப் போட்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள் பரவ இடமுண்டு. குறைந்த விலைக்குச் செய்வதாகச் சொல்லி வீட்டு மாடியில் கருவி வைத்திருப்பவர்களிடம் எங்கள் பிள்ளைகள் போவதற்குக் காரணம், போவதற்கு வேறிடம் இல்லாததுதான்.

இதற்கு அரசு ஏன் செலவு செய்ய வேண்டும் என்று கேட்கலாம். நான் ஓர் அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தபோது, இது அழகு சார்ந்தது, மருத்துவம் அன்று என்ற விடையே கிடைத்தது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2014 ஏப்ரல் 15 அன்று தேசிய சட்டப் பணிகள் ஆணையம் (நால்சா) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், திருநங்கைகளும் திருநம்பிகளும் அடங்கிய திருநரின் உரிமைகளை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. அதன் பின் வந்த 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 15ஆவது பிரிவில் அரசு செய்ய வேண்டிய மருத்துவ உதவிகளை வகுக்கிறது. பாலின மாற்று அறுவை சிகிச்சை, ஹார்மோன் சிகிச்சை, லேசர் சிகிச்சை, பிற உடல்நலத் தேவைகள் ஆகியவற்றின் செலவை ஏற்கும் முழுமையான காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்று அந்தப் பிரிவு கூறுகிறது. லேசர் என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது. முடி நீக்கம் மருத்துவத் தேவைதான் என்று நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே பிரிவு, அறுவை சிகிச்சை தொடர்பான மருத்துவக் கையேட்டை உலகத் திருநர் நல வல்லுநர் சங்கத்தின் நெறிமுறைகளின்படி வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. அச்சங்கம் 2022இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு நெறிமுறைகள், முகத்திலும் உடலிலும் முடி நீக்குவதை மருத்துவ ரீதியாகத் தேவையான சிகிச்சைகளின் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. அறுவை சிகிச்சையில் பெண்ணுறுப்பு அமைக்கப் பயன்படும் தோலில் முடி இருந்தால் பின்னாளில் அது உட்புறமாக வளர்ந்து தொல்லை தரும் என்பதால், அந்தத் தோலிலும் முன்கூட்டியே முடி நீக்க வேண்டியிருக்கிறது. இதில் அழகு எங்கே இருக்கிறது?

தமிழ்நாடு 2008இலேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம். மத்திய அரசு 2022 ஆகஸ்டில் திருநர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான ஆயுஷ்மான் பாரத் டிஜி பிளஸ் காப்பீட்டை அறிவித்தது. இவற்றின் நற்பயனைப் பெற்றவர்கள் நாங்கள், நன்றி மறக்கவில்லை. காப்பீட்டு அட்டை இருந்தாலும், அதைக் காட்டி ஊசி போட்டுக்கொள்ள ஒரு நாற்காலி கடலூரிலிருந்து புதுச்சேரி வரை எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை என்பதே நான் சொல்ல வந்தது. இதற்கு அறுவை அரங்கம் வேண்டாம். மயக்க மருந்து நிபுணர் வேண்டாம். மேசைமேல் வைக்கும் ஒரு கருவி, உருப்பெருக்கும் விளக்கு, சாய்ந்து படுக்கும் நாற்காலி, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசிகள், முறையாகப் பயிற்சி பெற்ற ஒன்றிரண்டு செவிலியர், மேற்பார்வைக்கு ஒரு தோல் மருத்துவர் இருந்தால் போதும். பயிற்சிக்கு எங்களில் படித்த பெண்களையே தேர்ந்தெடுத்தால் அவர்களுக்கும் ஒரு தொழில் அமையும்.

பயன் எங்களோடு நிற்காது. சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறால் மோவாயிலும் மேலுதட்டிலும் தடித்த முடி முளைத்து, வகுப்பில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். எங்கள் கடைக்குச் சேலை எடுக்க வரும் தாய்மார்களில் சிலர், மற்றவர் விலகிய பிறகு என் அருகில் வந்து, "உங்களுக்கு எப்படிப் போச்சு, எங்க போனீங்க?" என்று தம் மகள்களுக்காகத் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். சென்னை முகவரியைத் தருகிறேன். கட்டணத்தைச் சொன்னதும் பலர் சீட்டை மடித்து வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையிலும், புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவிலும், வாரத்துக்கு இரண்டு நாளாவது எலக்ட்ரோலிசிஸ் செய்ய ஏற்பாடு செய்யுமாறு தமிழ்நாட்டு அரசையும், ஜிப்மரை நடத்தும் மத்திய அரசையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். காப்பீட்டில் லேசரோடு எலக்ட்ரோலிசிஸையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். பெயர் இல்லாத சிகிச்சைக்கு மருத்துவமனைகள் பணம் கோருவது கடினம். ஒன்றிரண்டு தடவை செய்துவிட்டு நிறுத்துவதாக இல்லாமல், முடியும் வரை ஒரே இடத்தில் தொடர்ந்து செய்ய வழி இருக்க வேண்டும். முதல் நாற்காலி எங்கு வந்தாலும், நரைத்த தாடியோடு லேசருக்கு வழியின்றி நிற்கும் மூத்தவர்களுக்கு அதில் முன்னுரிமை தர வேண்டும். எங்கள் அம்மா சென்னை வரை பேருந்தில் போய்வரும் உடல்நிலையில் இல்லை. மஞ்சக்குப்பம் என்றால் ஆட்டோவில் நானே அழைத்துப் போய்விடுவேன்.

கடைசியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். லேசர் முடியை நிரந்தரமாக நீக்கிவிடும் என்று இணைப்பில் வந்த வரிக்குத் திருத்தம் வெளியிட வேண்டும். லேசர் முடியைக் குறைக்கும், நரைமுடியில் அது வேலை செய்யாது, கருந்தோலுக்கு உரிய கருவியைக் கேட்டறிந்த பிறகே செய்துகொள்ள வேண்டும் என்ற மூன்று செய்திகளும் அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் வந்தால், என்னைப் போலக் கையில் 30,000 ரூபாயோடு படியேறும் ஒருவராவது முதலில் கேள்வி கேட்டுவிட்டு உட்காருவார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.